இரண்டாவது கிளி

மஸ்கரீன் கிளி என்றொரு பறவை இருந்தது. மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தூரத்தில், இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுதான் அதன் ஊர். நீளம் சுமார் 35 சென்டிமீட்டர். பழுப்பு உடம்பு, சாம்பலும் ஊதாவும் கலந்த தலை, அலகைச் சுற்றி முகமூடி கட்டியது போலக் கறுப்பு. அலகு மட்டும் நல்ல சிவப்பு. கிளி என்றதும் நம் மனதில் வரும் பச்சை அதன் உடம்பில் எங்குமே இல்லை.

இன்று அந்த இனத்தில் மிச்சமிருப்பது பாடம் செய்யப்பட்ட இரண்டே உடல்கள். ஒன்று பாரிஸ் அருங்காட்சியகத்தில், இன்னொன்று வியன்னா அருங்காட்சியகத்தில். கூடவே ரீயூனியன் குகைகளில் தோண்டியெடுத்த கொஞ்சம் எலும்புகள். அவ்வளவுதான்.

இந்த இரண்டு உடல்களிலிருந்தும் டிஎன்ஏ எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான்: இந்தக் கிளிக்கு யார் சொந்தம்? 2012இல் பாரிஸ் கிளியிலிருந்து ஒரு பதில் வந்தது. 2017இல் வியன்னா கிளியிலிருந்து வேறொரு பதில் வந்தது. ஒரே இனம், ஒரே தீவு. இரண்டு பதிலும் சரியாக இருக்க முடியாது.

நான் மென்பொருள் வேலையில் இருப்பவன். எரர் எதுவும் காட்டாமல், எல்லா டெஸ்டும் பாஸாகி, அமைதியாகத் தப்பான விடையைத் தந்துகொண்டிருக்கும் புரோகிராம்தான் எங்கள் தொழிலில் பெரிய தலைவலி. கிராஷ் ஆனால் உடனே தெரிந்துவிடும். இது தெரியாது. மஸ்கரீன் கிளியின் கதையை முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது, இதுவும் அந்த வகைப் பிரச்சினைதான் என்று. கண்டுபிடித்த விதமும் கிட்டத்தட்ட நாங்கள் கண்டுபிடிக்கும் விதம்தான்.

*

ரீயூனியனுக்கு அப்போது பெயர் பூர்போன். மனிதர்கள் நிரந்தரமாகக் குடியேறியது 1660களில். அங்கே தங்கிப் போன துய்புவா என்ற பிரெஞ்சுக்காரர் தன் பயண நூலை 1674இல் வெளியிட்டார். தீவின் பறவைகளைப் பட்டியல் போடும்போது, சாம்பல் உடம்பும் கருந்தலையும் நெருப்பு நிற அலகும் கொண்ட ஒரு கிளியைக் குறிப்பிடுகிறார். நமக்குக் கிடைக்கும் முதல் எழுத்துப் பதிவு இதுதான்.

அதன்பின் கப்பல்களில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். மத்துரேன் பிரிஸ்ஸோன் 1760இல் அதைப் பற்றி எழுதினார். அவர் எழுதியதை வைத்து லின்னேயஸ் 1771இல் அறிவியல் பெயர் சூட்டினார். 1780களில் பாரிஸில் சில கிளிகள் கூண்டில் உயிரோடு இருந்தன. அதே சமயம் தீவில் காடு வேகமாகக் குறைந்துகொண்டிருந்தது. 1715இல் மோக்கா காப்பிச் செடி வந்து இறங்கியதிலிருந்து சரிவுகளெல்லாம் தோட்டங்களாக மாறின. வேட்டையும் எலியும் பூனையும் கூடச் சேர்ந்துகொண்டன. காட்டில் இந்தக் கிளியைப் பற்றிய நம்பகமான செய்திகள் 18ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியோடு நின்றுவிடுகின்றன.

1848இல் ரீயூனியனில் அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பெருமளவில் போனவர்கள் தமிழர்கள். அவர்களுடைய வம்சத்தினரை அங்கே இன்றும் ‘மலபார்’ என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் போய் இறங்கியபோது அந்தத் தீவில் மஸ்கரீன் கிளி இல்லை.

கடைசிக் கிளி எப்போது செத்தது என்பதிலேயே ஒரு குழப்பம் உண்டு. பவேரியாவின் அரசர் முதலாம் மேக்ஸிமிலியன் வளர்த்த மஸ்கரீன் கிளி என்று சொல்லி, கார்ல் ஹான் என்ற ஜெர்மானியர் 1834இல் ஒரு படத்தை வெளியிட்டார். அதை வைத்து, இனம் அழிந்த ஆண்டு 1834 என்று பல பட்டியல்களில் ஏறிவிட்டது. ஆனால் மேக்ஸிமிலியன் 1825லேயே இறந்துவிட்டார். புத்தகம் அச்சான தேதி வேறு, பறவை மூச்சுவிட்ட தேதி வேறு. ஒரே ஒரு சான்று மட்டும் இருக்கும்போது அது எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் வரலாற்றில் உட்கார்ந்துகொள்ளும். மறுத்துப் பேச இன்னொரு சான்று வேண்டுமே. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸில் இருக்கும் உடல், 1790களில் சேகரிப்பைப் பூச்சிகளிடமிருந்து காப்பாற்ற நடந்த முயற்சியில் கந்தக அமிலம் பட்டு நிறம் கெட்டுப்போனது. வியன்னாவில் இருப்பது லண்டனிலிருந்து வந்தது. ஆஷ்டன் லீவர் என்ற பணக்காரர் ஆசை ஆசையாகச் சேர்த்த தனியார் அருங்காட்சியகம் ஒன்று லண்டனில் இருந்தது. அது கைமாறி, 1806இல் ஏலத்துக்கு வந்து துண்டு துண்டாக விற்றுப்போனது. வியன்னா சேகரிப்புக்காக அங்கே போய் வாங்கி வந்தவற்றில் இந்தக் கிளியும் ஒன்று. அதன் உடம்பில் அங்கங்கே வெள்ளை இறகுகள் இருக்கின்றன. ஆக, ஒன்று அமிலத்தில் வெளுத்தது, இன்னொன்று நிறக்குறையோடு இருப்பது. உயிரோடிருந்த கிளியின் நிறத்தைத் தெரிந்துகொள்ள இரண்டையும் முழுசாக நம்ப முடியாது. பழைய வர்ணனைகளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

*

சரி, யார் சொந்தம்?

வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு கட்சிகள் இருப்பது புரியும். மேற்கே மடகாஸ்கர். அங்கே வாசா கிளிகள் வாழ்கின்றன. கருமையான உடம்பு, மங்கிய நிற அலகு, பார்ப்பதற்குக் காக்கை மாதிரி. கொமொரோஸ், செஷல்ஸ் தீவுகளிலும் இவற்றின் உறவினர்கள் உண்டு. வடகிழக்கே ரொம்ப தூரத்தில் நம்முடைய நிலம். கன்னியாகுமரியிலிருந்து ரீயூனியனுக்கு நேர்கோடு போட்டால் சுமார் 4,000 கிலோமீட்டர். இங்கே இருப்பவை சிட்டாகுலா பேரினத்துக் கிளிகள். ஜோசியக்காரர் கூண்டில் சீட்டெடுக்கும் செந்தார்ப் பைங்கிளி இதில் ஒன்று. தோளில் சிவப்புத் திட்டோடு இன்னும் பெரிதாக இருக்கும் பெரிய பச்சைக்கிளி இன்னொன்று. இரண்டுக்கும் அலகு சிவப்பு. மொரீஷியஸில் இன்றும் வாழும் எக்கோ கிளியும் இந்தக் கூட்டம்தான்.

பக்கத்தில் இருப்பவன் சொந்தம் என்று எடுத்துக்கொண்டால் வாசா. உடம்பு பச்சையாக இல்லாமல் மங்கலாக இருப்பதும் வாசா பக்கம்தான் இழுக்கும். சிவந்த அலகைப் பார்த்தால் சிட்டாகுலா. நூறு நூற்றைம்பது வருஷமாகப் பறவையியலாளர்களால் இதைத் தீர்க்க முடியவில்லை.

2007இல் ஜூலியன் ஹ்யூம் என்ற ஆய்வாளர் மஸ்கரீன் தீவுகளின் அழிந்துபோன கிளிகளை மொத்தமாக எடுத்து, எலும்புகள், பழைய குறிப்புகள், ஓவியங்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஒரு நீண்ட மறுஆய்வு எழுதினார். அந்தத் தீவுக் கிளிகளில் பலவற்றுக்குத் தலையும் தாடையும் பெருத்திருக்கின்றன, மார்பெலும்பின் மேடு சுருங்கியிருக்கிறது. எலும்பு அமைப்பும் சிவந்த அலகும் அவற்றை ஆசியாவின் சிட்டாகுலா வகைக் கூட்டத்தோடு சேர்க்கின்றன என்பது அவருடைய முடிவு. மஸ்கரீன் கிளியும் அதில் சேர்த்தி.

எலும்பு சொன்னது ஆசியா. ஐந்து வருஷம் கழித்து டிஎன்ஏ வந்தது.

*

செத்து இருநூறு வருஷம் ஆன பறவையிடமிருந்து டிஎன்ஏ எடுப்பது எப்படி என்று கொஞ்சம் பார்க்கலாம். இது புரிந்தால்தான் என்ன நடந்திருக்கும் என்பதும் புரியும்.

வழக்கமாகக் கால்விரலின் அடியில் இருக்கும் தோலில் ஒரு துணுக்கை வெட்டுவார்கள். பறவையைப் பார்ப்பவர் கண்ணுக்கு அந்த இடம் தெரியாது, திசுவும் கொஞ்சம் தடிமனாக இருக்கும். வெட்டியது திரும்ப வளராது. உலகத்தில் இரண்டே உடல்கள்தான் இருக்கின்றன என்றால், ஒவ்வொரு துணுக்கும் கணக்கில் எழுதப்பட வேண்டிய செலவு.

உயிரணுவின் மையக்கருவில் இருக்கும் டிஎன்ஏவைவிட மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் டிஎன்ஏவைப் பிடிப்பது சுலபம். ஒரு செல்லில் மையக்கரு டிஎன்ஏ இரண்டு பிரதிதான். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். பழைய உடம்பில் ஏதாவது பிழைத்திருக்க வாய்ப்பு அதில்தான் அதிகம். அதில் சைட்டோகுரோம் பி என்ற மரபணுவைப் பறவை ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். சுமார் 1,140 எழுத்து நீளம். ஏகப்பட்ட பறவைகளுக்கு இது ஏற்கனவே படிக்கப்பட்டிருப்பதால் ஒப்பிட வசதி.

ஆனால் பழைய டிஎன்ஏ நீளமாகக் கிடைக்காது. நூறு, நூற்றைம்பது எழுத்துள்ள துண்டுகளாக நொறுங்கியிருக்கும். அதனால் மரபணுவைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக பிசிஆர் என்ற முறையில் பெருக்கி, படித்து, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்டவைக்க வேண்டும். கிழிந்துபோன கடிதத்தை மேஜையில் பரப்பி ஒட்டுவது போல.

பிசிஆர் என்பது நகலெடுக்கும் வேலை. ஒரு சுற்றில் ஒன்று இரண்டாகும், அடுத்த சுற்றில் நான்காகும். 30 சுற்று போனால், தொடங்கிய ஒரே ஒரு மூலக்கூறு 107 கோடியாகியிருக்கும். இந்த முறையின் பலமும் ஆபத்தும் இதுதான். கிளியின் நொறுங்கிய டிஎன்ஏவும், அதே ஆய்வகத்தில் முந்தின வாரம் கையாண்ட வேறொரு பறவையின் நல்ல டிஎன்ஏவும் ஒரே குழாயில் இருந்தால், எது சுலபமாக நகலாகுமோ அதுதான் ஜெயிக்கும். நொறுங்கியது தோற்றுப்போகும். குழாய்க்கு யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்று தெரியாது.

2012இல் சமித் குண்டு, கார்ல் ஜோன்ஸ், ராபர்ட் ப்ரிஸ்-ஜோன்ஸ், ஜிம் க்ரூம்பிரிட்ஜ் ஆகிய நால்வர் இந்தியப் பெருங்கடல் கிளிகளின் பரிணாமத்தைப் பற்றி ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார்கள். பல இனங்கள், பல தீவுகள். கடல்மட்டம் ஏறி இறங்கியதற்கும் கிளிகள் பரவியதற்கும் உள்ள தொடர்பு என்று பெரிய கேள்விகள். அதில் ஒரு பகுதிதான் மஸ்கரீன் கிளி. பாரிஸ் உடலிலிருந்து கிடைத்த வரிசையை மற்ற கிளிகளோடு வைத்து மரம் வரைந்தபோது, மஸ்கரீன் கிளி போய் உட்கார்ந்த இடம் வாசா கிளிகளின் கிளை. ஓரத்தில்கூட இல்லை, கூட்டத்துக்கு உள்ளேயே.

*

நம்மூர் விவாதங்களில் ‘டிஎன்ஏவே சொல்லிடுச்சு’ என்று ஒருவர் சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. மேல்முறையீடு கிடையாது. 2012க்குப் பிறகு மஸ்கரீன் கிளிக்கும் கொஞ்ச காலம் அதுதான் நிலைமை. எலும்பு, அலகு எல்லாம் பழைய கால வேலை, டிஎன்ஏ நவீனம். எது ஜெயிக்கும்?

ஹ்யூம் ஆச்சரியப்பட்டார். தீவுக் கிளிகளின் உடலமைப்பு ஒற்றுமை என்ன ஆவது? இன்னொரு சிக்கலும் இருந்தது. மஸ்கரீன் கிளி வாசா வம்சத்திலிருந்து பிரிந்ததாக அந்த மரம் கணக்கிட்ட காலம், ரீயூனியன் தீவின் வயதைவிடப் பழையது. எரிமலையால் உருவான அந்தத் தீவு கடலுக்கு மேலே தலைகாட்டி 20, 30 லட்சம் ஆண்டுகள்தான் ஆகிறது. அதற்கு முன்பே பிரிந்துவிட்டதென்றால் அந்தக் கிளி நடுவில் எங்கே குடியிருந்தது? வேறொரு தீவில் என்று சொல்லலாம். சொல்லக் கூடாதென்றில்லை. ஆனால் வேறெந்தத் தீவிலும் அதன் எலும்பு கிடைக்கவில்லை.

இவை எதுவும் டிஎன்ஏ முடிவு தவறு என்று நிரூபிக்கவில்லை. ‘இடிக்குதே’ என்ற உணர்வு, அவ்வளவுதான். புரொடக்ஷனில் ஓடும் ஒரு ரிப்போர்ட்டில் எண் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறது. கோட் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தொழிலில் முப்பது வருஷம் இருக்கும் அக்கவுண்டன்ட் ‘இவ்வளவு வராதுங்க’ என்கிறார். நல்ல எஞ்சினியர் அந்த இடத்தில் அக்கவுண்டன்ட்டிடம் சண்டை போடமாட்டார். இன்புட் டேட்டா எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போவார்.

மரம் வரையும் மென்பொருளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு எழுத்து வரிசைகளைக் கொடுத்தால் அது ஒரு மரத்தைக் கொடுக்கும். எதைக் கொடுத்தாலும் கொடுக்கும். ஒவ்வொரு கிளைக்கும் பக்கத்தில் நம்பகத்தன்மை எண் ஒன்று போடும். அந்த எண் 99 என்று இருந்தால் படிப்பவர்கள் ‘99 சதவீதம் உண்மை’ என்று எடுத்துக்கொள்வார்கள். அது சொல்வது அதுவல்ல. கொடுத்த எழுத்துகளைக் கலைத்துக் கலைத்துத் திரும்பத் திரும்ப மரம் வரைந்தாலும் இதே கிளைதான் பெரும்பாலும் வருகிறது என்பதே அதன் அர்த்தம். அந்த எழுத்துகள் உண்மையிலேயே அந்தக் கிளியின் உடம்பிலிருந்து வந்தவைதானா என்ற கேள்வி அந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை.

பழைய டிஎன்ஏ துறை இந்தப் பாடத்தை ஏற்கனவே அடிபட்டுக் கற்றது. 1984இல் ரஸல் ஹிகுச்சியும் ஆலன் வில்சன் குழுவினரும் அழிந்துபோன குவாகா என்ற வரிக்குதிரையின் பாடம் செய்த தோலிலிருந்து டிஎன்ஏ எடுத்தார்கள். துறை பிறந்ததே அங்கேதான். பத்து வருஷம் கழித்து, 1994இல், டைனோசர் காலத்து எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுத்ததாகப் புகழ்பெற்ற இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. பிறகு மற்றவர்கள் சோதித்தபோது அது மனித டிஎன்ஏ என்று தெரிந்தது. 2022இல் நோபல் பரிசு வாங்கிய ஸ்வாந்தே பேபோவே 1985இல் எகிப்திய மம்மியிலிருந்து எடுத்ததாக நினைத்த டிஎன்ஏ, கலப்படமாக இருந்திருக்க வாய்ப்புண்டு என்று பின்னால் சொல்லியிருக்கிறார். 2000இல் ஆலன் கூப்பரும் ஹெண்ட்ரிக் போய்னாரும் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். ஒழுங்காகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் செய்யாதீர்கள் என்கிற தொனி. அதிலிருந்த நிபந்தனைகளில் ஒன்று, முக்கியமான முடிவை இன்னொரு ஆய்வகம் தனியாகச் செய்து பார்க்க வேண்டும் என்பது.

*

2017இல் லார்ஸ் போட்சியட்லோவ்ஸ்கி, அனிதா கமாஃப், டில் டோப்ஃபர் ஆகிய மூவர் அதைச் செய்தார்கள். கமாஃப் வியன்னா அருங்காட்சியகத்துக்காரர். இந்த முறை டிஎன்ஏ வந்தது வியன்னா உடலிலிருந்து. லண்டன் ஏலத்தில் வாங்கிய அதே கிளி. வேறு உடல், வேறு கைகள், வேறு ஆய்வகம்.

மரத்தில் மஸ்கரீன் கிளி இடம் மாறி உட்கார்ந்தது. வாசா கிளையில் இல்லை. சிட்டாகுலா கூட்டத்துக்குள், நம் பெரிய பச்சைக்கிளிக்கும் செஷல்ஸில் வாழ்ந்து அழிந்துபோன பச்சைக் கிளிக்கும் பக்கத்தில்.

அதோடு அவர்கள் நிற்கவில்லை. ‘எங்களுக்கு வேறு விடை வருகிறது’ என்று மட்டும் சொன்னால் இது ஒன்றுக்கு ஒன்று சமம். எது சரி என்று எப்படித் தெரியும்? அதனால் 2012இன் வரிசையையே எடுத்துப் பிரித்துப் பார்த்தார்கள். ஆய்வில் பயன்படுத்திய வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்தில் போட்டுவைக்கும் வழக்கம் இந்தத் துறையில் இருப்பதால் இது சாத்தியமானது. அந்த சைட்டோகுரோம் பி வரிசை ஒரே பறவையுடையது அல்ல, வேறு இரண்டு கிளி இனங்களின் துண்டுகள் சேர்ந்து உருவான செயற்கைக் கலவையாக இருக்கலாம் என்பது அவர்கள் எட்டிய முடிவு.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு வேறு சர்வர்களின் லாக் ஃபைல்கள் எப்படியோ ஒன்றாக மெர்ஜ் ஆகிவிட்டன. ஒவ்வொரு வரியும் உண்மையான வரி. ஆனால் அப்படி ஒரு சம்பவம் நடக்கவே இல்லை. அந்த 1,140 எழுத்துகளைத் தன் உடம்பில் சுமந்த பறவை எதுவும் எப்போதும் பறந்திருக்காது. ஆனாலும் மென்பொருள் அதற்கு மரத்தில் ஓர் இடம் கொடுத்தது. கொடுக்கத்தான் செய்யும்.

2012 குழுவை இதற்காகக் குறைத்துப் பேச முடியாது. அவர்கள் வரிசையை மறைக்காமல் வெளியே வைத்ததால்தான் அடுத்தவர்களால் பிரித்துப் பார்க்க முடிந்தது. அதே குழுவில் இருந்த கார்ல் ஜோன்ஸ், 1980களில் பத்துப் பதினைந்து என்கிற அளவுக்குச் சுருங்கிப்போயிருந்த மொரீஷியஸ் எக்கோ கிளியை நூற்றுக்கணக்கில் பெருகவைத்த முயற்சியில் முன்னால் நின்றவர். கலப்படம் திறமை இல்லாதவர்களுக்கு மட்டும் நடப்பதில்லை.

2017 முடிவையும் வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. அதுவும் ஒரே உடல்தான். ஆனால் அது தனியாக நிற்கவில்லை என்பதுதான் வித்தியாசம். ஹ்யூம் பார்த்த எலும்பு அதே பக்கம். துய்புவா எழுதிய நெருப்பு நிற அலகு அதே பக்கம். ஒருவரையொருவர் பார்த்திராத சாட்சிகள் ஒரே கதையைச் சொல்கிறார்கள். நம்பிக்கை அங்கிருந்துதான் வருகிறது.

*

4,000 கிலோமீட்டர் கடலைத் தாண்டி ஒரு கிளி வருமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் இதே பாதையில் இன்னொருவர் வந்திருக்கிறார். மொரீஷியஸின் டோடோ. 2002இல் பெத் ஷாபிரோ குழுவினர் டோடோவின் டிஎன்ஏவைப் படித்தபோது, இன்று உயிரோடிருப்பவர்களில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் நிக்கோபார் புறா என்று வந்தது. அந்தமான் நிக்கோபாரிலிருந்து தென்கிழக்கு ஆசியத் தீவுகள் வரை வாழும் பறவை அது. பனியுகங்களில் கடல்மட்டம் 120 மீட்டர்வரை இறங்கியிருக்கிறது. இன்று தண்ணீருக்கு அடியில் இருக்கும் திட்டுகள் அப்போது தீவுகளாக மேலே நின்றன. இந்தியப் பெருங்கடலின் நடுவே சாகோஸிலும், சாயா தெ மல்யாவிலும் அப்படிப் பெரிய திட்டுகள் உண்டு. ஒரே மூச்சில் 4,000 கிலோமீட்டர் பறக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு தீவிலிருந்து அடுத்த தீவுக்கு இறங்கி வந்தால் போதும்.

இது வெறும் குடும்பக் கதைதானா? சொந்தம் யாராக இருந்தால் நமக்கென்ன?

ஒரு காரணம் பெயர். மஸ்கரீன் கிளிக்கு இதுவரை தனிப் பேரினம், மஸ்கரைனஸ். இப்போது அது சிட்டாகுலா கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறதென்றால் இரண்டு வழிதான். மஸ்கரைனஸைக் கலைத்துவிட்டு அதையும் சிட்டாகுலா என்று அழைக்கலாம். இல்லையென்றால் சிட்டாகுலாவையே பல பேரினங்களாகப் பிரிக்கலாம். 2019இல் ஒரு குழு இரண்டாவது வழியை முன்வைத்தது. அதன்படி போனால் நம் பெரிய பச்சைக்கிளியின் அறிவியல் பெயரே மாறும். இருநூறு வருஷம் முன்னால் ஒரு தீவில் செத்த கிளி, இன்று இங்கே தென்னை மரப் பொந்தில் குஞ்சு பொரிக்கும் கிளியின் பெயரை மாற்றுகிறது.

இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. அழிந்துபோன இனத்தின் இடத்தை நிரப்ப நெருங்கிய சொந்தத்தைக் கொண்டுவந்து விடுவது மஸ்கரீன் தீவுகளில் உண்மையிலேயே நடக்கிறது. மொரீஷியஸின் ராட்சத ஆமைகள் அழிந்துவிட்டதால், பக்கத்து ஈல்-ஒ-ஜக்ரெத் தீவில் அல்டாப்ரா ஆமைகளை விட்டிருக்கிறார்கள். பழங்களைத் தின்று விதைகளைப் பரப்பும் வேலையை அவை செய்கின்றன. நாளைக்கு யாராவது ரீயூனியன் காட்டுக்கு ஒரு கிளி வேண்டும் என்று நினைத்தால் முதலில் கேட்பது, ‘யார் சொந்தம்?’ என்றுதான். 2012இன் பதிலை வைத்துக்கொண்டு போயிருந்தால் மடகாஸ்கருக்குப் போயிருப்பார்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. 1806 ஏலத்தில் அந்தக் கிளியை யாரும் வாங்காமல் விட்டிருந்தால்? லீவர் சேர்த்ததில் எவ்வளவோ காணாமல்போய்விட்டது, இதுவும் போயிருக்கலாம். அப்போது உலகத்தில் இருந்திருப்பது பாரிஸ் கிளி மட்டும். 2012இன் பதில் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கும். ஹ்யூமின் எலும்பு வாதம், ‘டிஎன்ஏவுக்கு முன்னால் இப்படியும் நினைத்தார்கள்’ என்று அடிக்குறிப்பில் இடம் பிடித்திருக்கும். பவேரிய அரசரின் கிளி 1834 என்ற தேதியில் உட்கார்ந்துகொண்டது போல.

வியன்னாவில் அந்த உடலை இருநூறு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு டிஎன்ஏ என்ற சொல்லே தெரிந்திருக்க வழியில்லை. வெள்ளை இறகு விழுந்த, இன்னொரு ஊரில் இன்னொரு பிரதி இருக்கிற கிளி. இடம் அடைக்கிறது, பூச்சி வருகிறது, எதற்கு வைத்திருக்க வேண்டும் என்று யாராவது ஒரு தலைமுறையில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். யாரும் தூக்கிப் போடவில்லை.

நம்மூர் கல்லூரிகளில், பழைய அருங்காட்சியகங்களில் ஸ்பிரிட் பாட்டில்களும் பாடம் செய்த பறவைகளும் தூசி படிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். லேபிளில் ஊர் பெயரும் தேதியும் மங்கிப்போயிருக்கும். இதெல்லாம் ஆன்லைனில் கிடைக்குமே, எதற்கு இரண்டு பிரதி என்று கேட்பவர்கள் எல்லா நிர்வாகத்திலும் உண்டு. அந்த இரண்டாவது பிரதியிடம் என்ன கேட்கப்போகிறோம் என்று இன்றைக்கு நமக்குத் தெரியாது. லேபிளோடு அது அங்கே இருந்தால்தான் கேட்க முடியும்.